இன்ஸாஃபின் ரேடியோவும் ஷவ்கியின் பாயிண்டும்

அலெக்ஸாந்திரியாவில் பாகோஸ் டிராம் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில், ஷவ்கியின் கார் எகிப்தின் எந்த மூலையில் ஓடினாலும் அவன் மனைவி இன்ஸாஃபின் சமையலறை ரேடியோவில் கேட்கும். பழைய கார் ஒன்று வாசலைக் கடக்கும்போது பாட்டுக்கு நடுவே கரகரப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சிறுவிரல் நகம் அளவில் இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுத் தொட்டு விலகும். விலகும்போதெல்லாம் ஒரு பொறி. மெக்கானிக்குகள் அதைப் பாயிண்ட் என்பார்கள். அந்தப் பொறி ரேடியோவில் டிக் டிக் என்று விழும், கார் போனதும் நின்றுவிடும். ஷவ்கியின் 1962 ஃபியட் 1100 போன பிறகும் நிற்கவில்லை. அவன் கெய்ரோவுக்குப் போனபோது வழி முழுக்கக் கேட்டது. அஸ்வான் வரை போனபோது கொஞ்சம் மெல்லக் கேட்டது, அவ்வளவுதான். அவன் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போன மாதம் கார் உறை போட்டு நின்றதால் ரேடியோவும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

கல்யாணமான ஒரு வருடத்துக்குள் இன்ஸாஃப் அந்தக் கரகரப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். ஷவ்கிக்கு நகரத்துக்குக் கிழக்கே, ஏரி கடலில் கலக்கும் மாதியாவில், நீரேற்று நிலையத்தில் வேலை. மாலையில் கார் மாதியா பாலத்தில் ஏறினால் டிக் டிக் சத்தம் காலிப் பீப்பாய்க்குள் விழுவது போல மாறும். உடனே அவள் அரிசியை அடுப்பில் ஏற்றுவாள். எங்கள் டிராம் தண்டவாளத்தில் இரண்டு துள்ளல் கேட்டதும் தட்டை எடுத்து வைப்பாள். அவன் கையைக் கழுவிவிட்டு உட்காரும்போது சோற்றில் ஆவி பறக்கும். மேலதிகாரியோடு சண்டை போட்டுவிட்டு வருகிறானா, தூக்கக் கலக்கத்தில் வருகிறானா என்பதெல்லாம் படியேறுமுன் அவளுக்குத் தெரிந்திருக்கும். பாயிண்ட் தேய்ந்தால் அவனுக்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள்: “உங்க காருக்குத் தொண்டை கட்டியிருக்கு, நாளைக்கு ராகிப்கிட்டக் காட்டுங்க.” ராகிப் அவளுடைய தம்பி, கர்மூஸில் மெக்கானிக். இப்படியாக ஷவ்கிக்கு எங்கள் தெருவில் யோக்கியன் என்று பெயர். தப்பு செய்ய வழியே இல்லாதவனுக்கு அந்தப் பெயர் செலவில்லாமல் கிடைக்கும் என்பதை நாங்கள் அப்போது யோசிக்கவில்லை.

இன்ஸாஃபின் அம்மா ரஷீத் ஊரில், இளைய மகள் ஃபிக்ரியாவின் வீட்டில், எண்பத்தேழாம் வருடத்துத் துடைப்பப் புயலன்று இறந்துபோனாள். நவம்பரில் வரும் அந்தப் புயல் தெருவில் இருப்பதையெல்லாம் பெருக்கித் தள்ளிவிடும், அதனால் அந்தப் பெயர். டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது, ஆள் அனுப்பச் சாலை இல்லை, மறுநாள் வரை வைத்திருக்கும் வழக்கமும் நமக்கு இல்லை, அதனால் அடக்கிவிட்டோம் என்றாள் ஃபிக்ரியா. இன்ஸாஃப் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லையே, வேண்டுமென்றே செய்துவிட்டாள் என்று அவள் துக்க வீட்டு வாசலில் நின்று கத்தினாள். அப்போது ஷவ்கி, யாரும் கேட்காமலே, அத்தனை பேர் முன்னால் கையை உயர்த்தினான். “தலாக் மேல சத்தியமா சொல்றேன், இந்த வாசப்படியில இனி என் கால் பட்டா இன்ஸாஃப் எனக்குப் பொண்டாட்டி இல்ல.” எங்கள் ஊர் ஆண்கள் தர்ப்பூசணி இனிக்கும் என்பதற்கே தலாக் மேல் சத்தியம் செய்கிறவர்கள், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்ஸாஃப் எடுத்துக்கொண்டாள். “கூடப் பிறந்தவ கைவிட்டா. புருஷன் கைவிடல” என்று பத்து வருடம் எங்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பெருநாள் காலைகளில் அவன் காரிலேயே போய், ஊருக்குள் நுழையாமல், பேரீச்சந்தோப்பு ஓரம் அம்மாவை அடக்கிய கபுரைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

அவளும் ஒன்றை விட்டாள். அம்மாவின் கைப்பக்குவம் ஸயாதியா: வெங்காயத்தை மூன்று தரமாகப் பொரித்து, கடைசிப் பிடியைக் கருகும் வரை விட்டு, அந்தக் கறுத்த சாற்றில் அரிசியை வேகவைத்து மேலே மீனை அடுக்குவது. இன்ஸாஃபின் கல்யாணத்தில் எங்கள் தெருவே அதைச் சாப்பிட்டிருக்கிறது. அம்மா போன பிறகு அதைச் சமைப்பதில்லை என்று அவள் வைராக்கியம் வைத்தாள். அந்தச் சோற்றின் ஞாபகம் வந்து சில நாட்கள் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறாள், ஆனால் சமைக்கவில்லை. ஷவ்கியும் கேட்கவில்லை. அவனுக்கு அந்தச் சோறு எவ்வளவு பிடிக்கும் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள் ராகிப் தன் பட்டறையில் ரஷீதிலிருந்து கொண்டுவந்த ஸயாதியா டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் சத்தியம் எதுவும் செய்யாதவன், இரண்டு அக்காக்கள் வீட்டுக்கும் போய்வருவான். ஷவ்கி அதில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கார் பானெட் மேல் சாய்ந்து நின்றான். பதினோரு வருடத்துப் பசி அவன் முகத்தில் தெரிந்ததாக ராகிப் பிற்பாடு சொன்னான். அதற்குப் பிறகு ஷவ்கி கேட்ட கேள்வி காரைப் பற்றியது.

“மாப்ள, இந்தப் பாயிண்ட் சனியன் இல்லாம கார் ஓட வழி இருக்கா?”

“எலக்ட்ரானிக் இருக்கு மச்சான். பாயிண்டும் வேணாம், கன்டென்சரும் வேணாம். உள்ள ஒரு காந்த வளையம், பக்கத்துல தீப்பெட்டி அளவுல ஒரு சாமான், ரெண்டு ஒயர். மழையில அடம் பிடிக்காது, பெட்ரோலும் மிச்சம்.”

“சத்தம்?”

ராகிப் அவனை ஒரு பார்வை பார்த்தான். “ரேடியோவுல கேக்காது” என்றான். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பழைய கார்க்காரர்கள் யாரும் கழற்றிய பாயிண்டைத் தூக்கிப் போட மாட்டார்கள்; புதியது நடுவழியில் கைவிட்டால் பழையதுதான் வீடு சேர்க்கும். ராகிப் பாயிண்டையும் கன்டென்சரையும் ஒரு சிகரெட் டப்பாவில் போட்டு, காரின் முன்பெட்டியில் வைத்து மூடினான். “ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க மச்சான். என்ஜின் ஓடாம சாவி மட்டும் போட்டபடி விட்டுறாதீங்க. உள்ள இருக்கறது கருகிடும்” என்று எச்சரித்தான்.

முதல் நாள் மாலை ரேடியோவில் பாட்டு சுத்தமாகக் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சுத்தத்தை இன்ஸாஃப் கேட்டதில்லை. பாலம் வரும் நேரம் கடந்தது, பாலம் வரவில்லை. அரிசி களைந்த தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. கார் ஏரிக்குள் விழுந்துவிட்டது என்று முடிவு செய்து, செருப்பில்லாமல் டிராம் தண்டவாளம் வரை ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடினோம். அங்கே ஷவ்கி காரில் சிரித்தபடி வந்து நின்றான். “எலக்ட்ரானிக் போட்டிருக்கேன் இன்ஸாஃப், கார் பூனை மாதிரி ஓடுது பாரு” என்றான். அவள் கார் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டிருக்கக் கூடாதா? என் காதுல நீங்க ஒரு மணி நேரம் செத்துக் கிடந்தீங்க.” அன்று முதல் முறையாக அவன் சோற்றுக்காகக் காத்திருந்தான். பிறகு அவள் கடிகாரத்தைப் பார்த்துச் சமைக்கப் பழகிக்கொண்டாள். சில நாள் குழைந்தது, சில நாள் ஆறியது.

வியாழக்கிழமை அரை நாள் வேலை. பழைய கார் வைத்திருப்பவர்கள் கடற்கரைச் சாலையில் கூடுகிறார்கள், அங்கே போகிறேன் என்று ஷவ்கி வீட்டில் சொன்னான். காரோ மாதியாவிலிருந்து எதிர்த் திசையில், இத்கு வழியாக, ரஷீத் போனது. ஃபிக்ரியாவின் வாசற்படியை அவன் வலது கால் வைத்துத் தாண்டினான். வயிறு நிறையச் சாப்பிட்டான், ஃபிக்ரியாவின் கணவனோடு தாயம் உருட்டினான், திரும்பும்போது ஃபிக்ரியா ஒரு டப்பாவைக் கொடுத்தாள்: “இது அக்காவுக்கு மச்சான். நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம், சும்மா முன்னால வைங்க, வாசனையில அவளே தெரிஞ்சுக்குவா.” அதைத்தான் அவனால் செய்ய முடியாது. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. வீட்டுக்கு எதிரே இஸ்திரிக் கடை வைத்திருக்கும் மஹ்ரூஸிடம், பழைய கார்ச் சங்கத்தில் மிஞ்சியது என்று கொடுத்துவிட்டுப் படியேறினான். அங்கே இன்ஸாஃப் பரிமாறியதை இரண்டாம் முறை சாப்பிட்டான். ஒரே வருடத்தில் பெல்ட்டில் மூன்று புதிய துளை போட வேண்டியிருந்தது.

மஹ்ரூஸ் அதை முதல் கவளத்திலேயே தெரிந்துகொண்டான். எங்களில் பலரும் அந்த டப்பாவில் ஒரு வாய் சாப்பிட்டவர்கள்தான். கருகிய வெங்காயத்தின் ருசி மறக்கக்கூடியதா? யாருக்கு வந்த சோறு, எங்கிருந்து வந்தது, எல்லாம் தெரியும். அவர்கள் குடும்ப விஷயம், நமக்கெதற்கு என்று சொல்லிக்கொண்டு விரலை நக்கினோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் நடந்தது அதுதான்.

இரண்டாயிரமாம் வருடம் ஒரு வியாழன், தெருமுனையில் கார் திரும்பும்போதே ஃபிக்ரியாவின் வீட்டிலிருந்து கடைசிப் பிடி வெங்காயம் கருகும் வாசனை வந்தது. ஷவ்கி என்ஜினை நிறுத்த வேண்டிய அவசரத்தில் கிளட்சைப் படாரென்று விட்டான். கார் குலுங்கி நின்றது. சாவியைத் திருப்பாமல் உள்ளே ஓடினான். இரண்டு மணி நேரம் கழித்து வயிற்றைத் தடவிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்தால், என்ஜின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. அன்று ராகிப்பும் விருந்துக்கு வந்திருந்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான்.

“சாவிய அணைச்சீங்களா மச்சான்?”

“வெங்காய வாசனை வந்துச்சுடா...”

“வாசனை வந்தா கை விளங்காமப் போயிருமா? உள்ள சோறு வெந்த நேரத்துல இங்க இதுவும் வெந்துருச்சு. பழைய பாயிண்டைத்தான் மாட்டணும்.”

ஷவ்கி வெளிறிப்போனான். “மாட்டினா அவளுக்குக் கேக்குமே.”

“ரெண்டு வருஷமாச்சு. இன்னும் யாரு அந்த ரேடியோவ உத்துக் கேட்டுக்கிட்டிருக்கா? வேலை விஷயமா வந்தேன்னு சொல்லிக்கலாம்.”

வாசலில் டப்பாவோடு நின்ற ஃபிக்ரியா சொன்னாள்: “கேக்கட்டும் மச்சான். கேட்டுட்டுச் சண்டை போடவாவது என் அக்கா வருவாளான்னு பாப்போம்.”

ராகிப் காந்த வளையத்தைக் கழற்றி, சிகரெட் டப்பாவிலிருந்த பாயிண்டைப் பொருத்தி, சிகரெட் அட்டையை மடித்து இரண்டு துண்டுக்கும் நடுவே இடைவெளி பார்த்துத் திருகை முறுக்கினான். கார் முதல் திருப்பில் ஸ்டார்ட் ஆனது.

பாகோஸில் இன்ஸாஃப் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாடகத்துக்கு நடுவே முதல் டிக் விழுந்ததும் அவள் கை நின்றது. அந்தத் தொண்டை அவளுக்குத் தெரியாததா? ஆனால் கேட்டது அன்றைய பயணம் இல்லை. பாயிண்ட் டப்பாவுக்குள் அடைபட்டிருந்தாலும் அதே காரில்தானே அதுவும் போய்வந்தது. இரண்டு வருடம் பேச விடாததை முதல் வியாழனிலிருந்து வரிசையாகச் சொல்லத் தொடங்கியது. மாதியாவில் கார் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கிழக்கே திரும்பியது, இத்கு சந்தையில் தயங்கியது, ரஷீதின் கல் பாவிய தெருவில் தடதடத்து ஒரு வாசலில் நின்றது. பிறகு அதே வழியில் திரும்பி, பாலம், டிராம் தண்டவாளம், எங்கள் தெரு. வீட்டுக்கு எதிரே ஒரு சின்ன நிறுத்தம். அடுத்தது இரண்டாம் வியாழன். ஒரு வியாழனுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆனது. இன்ஸாஃப் ஒவ்வொன்றுக்கும் ஒரு கீரைத் தண்டை எடுத்து மேஜையில் வைத்தாள். நடுவில் அழவில்லை, ரேடியோவை அணைக்கவும் இல்லை. ரஷீதுக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் பேரீச்சந்தோப்புக்குப் பிரியும் மணல் பாதை ஒன்று உண்டு. கார் மணலில் இறங்கினால் பொறி திணறும். அந்தத் திணறலுக்காக அவள் ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. ரேடியோ சொல்லி முடித்தபோது மேஜையில் தொண்ணூற்று நான்கு தண்டுகள் இருந்தன, நிஜமான கார் டிராம் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ஷவ்கி பழக்க தோஷத்தில் இஸ்திரிக் கடை முன் நிறுத்தி டப்பாவை நீட்டினான். மேலே பால்கனியில் இன்ஸாஃப் நின்றாள்.

“மஹ்ரூஸ், அந்த டப்பாவுல என்ன?”

“சாப்பாடுக்கா. சங்கத்துல மிஞ்சினது...” மஹ்ரூஸின் குரல் போகப் போகத் தேய்ந்தது.

அவள் காய்கறி வாங்கக் கயிற்றில் இறக்கும் கூடையைக் கீழே விட்டாள். அவன் டப்பாவை அதில் வைத்தான். மேலே இழுத்து, திறந்து, குனிந்து முகர்ந்தாள். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் முகம் போன போக்கைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு மூடியை மூடினாள்.

“யாருக்குக் குடுத்தனுப்பினா?”

“உனக்குத்தான் இன்ஸாஃப். ஒவ்வொரு வாட்டியும்.” ஷவ்கி தெருவைப் பார்த்துச் சொன்னான்.

“சோத்துக்குப் போனே, சரி. சத்தியத்தையும் சேத்து முழுங்கினே, அதுவும் சரி. எங்கம்மா அந்த வழியிலதான படுத்திருக்கா? தொண்ணூத்தி நாலு வாட்டியில ஒரு வாட்டி வண்டியத் திருப்பணும்னு உனக்குத் தோணலையா?”

“நேரமாயிருமேன்னு...”

“சோறு ஆறிப் போயிரும்னு சொல்லு” என்றுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஷவ்கி எங்கள் பள்ளிவாசல் ஷேக்கிடம் போனான். தாம்பத்தியம் முறிந்ததா என்பதுதான் அவன் பயம். ஷேக் இருவரையும் உட்காரவைத்து, அன்று அவன் நினைப்பு என்ன என்று விசாரித்தார். மனைவியை விலக்கும் எண்ணம் இல்லை, கோபத்தில் வந்த வார்த்தை என்றான். அப்படியானால் நிக்காஹ் நிற்கிறது, சத்தியத்தை முறித்ததற்குப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடு என்றார். ஷவ்கி கண்ணைத் துடைத்துக்கொண்டான். இன்ஸாஃப் எழுந்தாள். “மார்க்கம் அவரை மன்னிச்சிருச்சு, சந்தோஷம் ஷேக். என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலையே.”

ஞாயிறன்று அவள் பதின்மூன்று வருடம் கழித்து ஸயாதியா சமைத்தாள். முதல் பிடி, இரண்டாம் பிடி, கருகும் கடைசிப் பிடி. வாசனை தெரு முழுக்க நின்றது, எங்களில் ஒருவருக்கும் ஜன்னலைத் திறக்க முகமில்லை. டிராம் தண்டவாளத்தில் கல் கொட்டிக்கொண்டிருந்த தினக்கூலிகள் பத்துப் பேரை அழைத்துவந்து உட்காரவைத்தாள். ஷவ்கி தண்ணீர் ஊற்றினான், ராகிப் தட்டுகளைச் சுமந்தான். எல்லாரும் எழுந்த பின் ராகிப் தயங்கித் தயங்கி, “அக்கா, எனக்கு?” என்றான். “நீதான் அங்கேயே சாப்பிட்டுட்டியே தம்பி” என்றாள். பதினோராவது தட்டைத் தனக்குப் போட்டுக்கொண்டு, வாசலிலேயே அமர்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கூடையில் ரேடியோவை வைத்துக் கீழே இறக்கினாள்.

“மஹ்ரூஸ், என் பங்கு சோத்தைத் தின்னவன் நீ. இதையும் நீயே வச்சுக்கோ.”

அடுத்த மாதம் அவள் தனியாக பஸ் ஏறி ரஷீத் போய்வந்தாள். பஸ் எந்த ரேடியோவிலும் கேட்காது, அதனால் அக்காவும் தங்கையும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது கையில் ஒரு டப்பா இருந்தது. வீட்டில் அவள் தனக்குப் பசிக்கும்போது சமைத்தாள், ஷவ்கி வரும்போது இருந்தால் சாப்பிட்டான். பேச்சு இருந்தது, சண்டை இல்லை. ராகிப் புதிய எலக்ட்ரானிக் கொண்டுவந்து போடுகிறேன் என்று கெஞ்சியும் ஷவ்கி கேட்கவில்லை. மாதம் ஒருமுறை தானே பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடைவெளி பார்த்து, பொறி நன்றாக விழுகிறதா என்று சோதித்தான்.

இப்போது ரேடியோ இஸ்திரிக் கடை அலமாரியில் இருக்கிறது, கார் அதில் முன்போலவே கேட்கிறது. ஒரு வியாழன் மதியம் மஹ்ரூஸ் சட்டைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது கார் மாதியாவிலிருந்து கிழக்கே திரும்பியது. இத்கு சந்தையில் தயங்கியது. ரஷீதுக்கு முன்னால் பொறி திணறியது, மணலில் இறங்கி நின்றது. வெகுநேரம் நின்றது. ஊருக்குள் போகாமல் அப்படியே திரும்பியது. அடுத்த வியாழனும் அதேதான். மூன்றாம் வியாழன், இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த மஹ்ரூஸுக்குத் தாங்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு பால்கனிக்குக் கீழே போய் நின்றான்.

“அக்கா, வண்டி தோப்புக்குள்ள திரும்புதுக்கா. அம்மாகிட்டதான் நிக்குது. மூணு வாரமா.”

இன்ஸாஃப் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டு, இரண்டு கிளிப் குத்தினாள்.

“ரேடியோ உன்கிட்டதான இருக்கு. நீ கேளு” என்றாள்.

மஹ்ரூஸ் கடைக்குத் திரும்பினான். மாலையில் கார் மாதியா பாலத்தில் ஏறும் சத்தம் கேட்டது. நாற்பது நிமிடத்தில் தண்டவாளத்தைத் தாண்டி வந்து நின்றது, ஷவ்கி படியேறிப் போனான்.